சதகாவா, ஹக்கா? உலகக் காலநிலை மாநாடுகளில் நடப்பது என்ன?

 

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் வந்தால் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. ஏதோ ஒரு நாட்டில் உலகத் தலைவர்கள் கூடுகிறார்கள். இரண்டு வாரம் பேசுகிறார்கள். கடைசி நாளில் விடிய விடிய வாதாடுகிறார்கள். பிறகு ஓர் அறிக்கை வெளியாகிறது. துபாயில் நடந்தபோது நம் குடும்பங்களில் பலரும் இதைக் கவனித்தார்கள். ஏனென்றால் நம் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். மாநாட்டுக்காக அடைத்த சாலைகளைப் பற்றி வீட்டுக்குப் பேசினார்கள். ஆனால் உள்ளே என்ன பேசினார்கள், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் விளக்கமாகச் சொல்ல ஆள் குறைவு.

இது விஞ்ஞானிகளுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டும் உரிய விஷயம் என்று விட்டுவிட முடியாது. ஏனென்றால் அந்த மாநாடுகளின் நடுவில் இருக்கும் கேள்வி, மார்க்கம் படித்த எவருக்கும் நன்கு தெரிந்த கேள்விதான். ஒருவர் செய்த காரியத்தால் இன்னொருவருக்கு நஷ்டம் வந்தால், அதைத் தீர்ப்பது தர்மமா, கடமையா? சதகாவா, ஹக்கா?

மாநாடு என்றால் என்ன?

1992ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் உலக நாடுகள் கூடி, ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1994 மார்ச் மாதம் அது நடைமுறைக்கு வந்தது. உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் கூட்டம் 1995இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்தது. கொரோனா பரவிய 2020இல் மட்டும் கூட்டம் ஓர் ஆண்டு தள்ளிப்போனது.

இந்தக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு வழக்கம் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம். நம் ஜமாஅத்தில் மஷூரா நடக்கும்போது, ஒரு தெருக்காரர்கள் முகம் கோணினாலும் பேச்சு இழுபடும் அல்லவா? அதையே இருநூறுக்கு அருகில் நாடுகளோடு நினைத்துப் பாருங்கள். எண்ணெய் விற்கும் நாடும், எண்ணெய் வாங்கும் நாடும், கடல் விழுங்கப் போகும் தீவும் ஒரே வாசகத்துக்குத் தலையாட்ட வேண்டும். ஒரு சொல்லுக்காக ஓர் இரவு முழுக்க வாதாடுவது இதனால்தான். மாநாட்டின் பலவீனம் இது. பலமும் இதுவே. பத்தாயிரம் பேர் வாழும் துவாலு தீவுக்கும் அமெரிக்காவுக்கும் அங்கே ஒரே அளவு நாற்காலிதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு இவற்றை எரிக்கும்போது கரியமில வாயு வெளியாகிறது. அது காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கி, பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் போர்வை போலப் பிடித்துவைக்கிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பூமியின் சராசரி வெப்பம் பழைய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் இருந்த முதல் ஆண்டாக 2024 பதிவானது. அந்த ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெயில் 50 பாகையைத் தாண்டியதையும், 1,300 பேருக்கு மேல் வஃபாத்தானதையும் நாம் மறக்கவில்லை. அனுமதி பெறாமல் சென்று, நிழலும் தங்குமிடமும் கிடைக்காமல் நடந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் சாகிறவர்கள் பெரும்பாலும் வசதியற்றவர்கள்.

இனி, யார் எவ்வளவு வெளியேற்றினார்கள் என்று பார்ப்போம். இதுவரை காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா என்ற ஒரே நாட்டினுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவுதான். இன்றைய ஆண்டுக் கணக்கில் சீனா முதலிடம், அமெரிக்கா இரண்டாமிடம், இந்தியா மூன்றாமிடம். ஆனால் ஆள் கணக்கில் பிரித்தால் அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் வருகிறது. இந்தியர் ஒருவருக்குச் சுமார் 2 டன். வங்கதேசத்தவர் ஒருவருக்கு ஒரு டன்னுக்கும் குறைவு.

இந்தக் கணக்கை வைத்துத்தான் 1992 உடன்படிக்கையில் ஒரு விதி எழுதப்பட்டது. பொறுப்பு எல்லோருக்கும் பொது; ஆனால் ஒரே அளவு அல்ல. அதிகம் வெளியேற்றியவரும் அதிகம் வசதி உள்ளவரும் முதலில் சுமக்க வேண்டும். கடந்த முப்பது ஆண்டு மாநாடுகளின் சண்டை முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான்.

கியோட்டோவிலிருந்து பாரிஸ் வரை

1997இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் முதல் கட்டாய ஏற்பாடு உருவானது. பணக்கார நாடுகள் தங்கள் வெளியேற்றத்தை 1990ஆம் ஆண்டு அளவைவிடச் சராசரியாக 5 சதவீதம் குறைக்க வேண்டும் என்றார்கள். அமெரிக்கா கையெழுத்துப் போட்டது. ஆனால் தன் நாட்டில் அதை ஏற்புச் செய்யவே இல்லை. கனடா 2011இல் விலகியது. கட்டாயம் என்று எழுதினால், பிடிக்காதவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்ற பாடம் அப்போது கிடைத்தது.

2009இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு வாக்குறுதி வந்தது. 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் ஏழை நாடுகளுக்காகத் திரட்டித் தருவோம் என்றார்கள் பணக்கார நாடுகள். அந்தத் தொகை முழுதாக வந்தது 2022இல்தான். வந்ததிலும், அரசுகள் வழியே வந்த பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடன். வெள்ளத்தில் வீடு இழந்தவரிடம் ‘உதவி’ என்று சொல்லிக் கடன் பத்திரத்தை நீட்டினால் அதற்கு நாம் என்ன பெயர் சொல்வோம்?

2015 டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம் நிறைவேறியது. கியோட்டோவின் பாடத்தை வைத்து அங்கே வழியை மாற்றினார்கள். ஒவ்வொரு நாடும் தன்னால் எவ்வளவு முடியும் என்று தானே எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அதை உயர்த்த வேண்டும். வெப்ப உயர்வை 2 பாகைக்கு நன்கு கீழே வைப்பதும், 1.5 பாகைக்குள் நிறுத்த முயல்வதும் குறிக்கோள். எழுதிக் கொடுத்ததைச் செய்யாவிட்டால் அபராதம் கிடையாது. ஊரார் முன் சந்தாத் தொகையை வாசிக்கிற மாதிரி, வெட்கம் ஒன்றுதான் அங்கே காவல். அமெரிக்கா இதிலும் ஒரு முறை வெளியேறி, 2021இல் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் மீண்டும் விலகல் உத்தரவு போட்டது.

மூன்று வகையான வேலை

மாநாட்டுச் செய்திகளைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

முதலாவது, புகையைக் குறைப்பது. நோயின் வேரைப் பிடிப்பது இது.

இரண்டாவது, வரப்போவதற்குத் தயாராவது. கரையை உயர்த்துவது, புயல் எச்சரிக்கை ஏற்படுத்துவது போன்றவை. இதற்கு வங்கதேசம் நல்ல உதாரணம். 1970 நவம்பரில் அங்கே அடித்த போலா புயலில் சுமார் மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 2020இல் ஆம்பன் புயல் வந்தபோது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே பாதுகாப்பான கட்டடங்களுக்கு அழைத்துப் போனார்கள். உயிர்ச்சேதம் மிகக் குறைவாக இருந்தது. அந்தக் கட்டடங்களும், ஊர் ஊராக மெகாஃபோன் பிடித்து நடக்கும் தொண்டர்களும் ஒரே நாளில் வந்தவர்கள் அல்ல. ஐம்பது ஆண்டு உழைப்பு.

மூன்றாவது, எவ்வளவு தயாரானாலும் தடுக்க முடியாமல் போன நஷ்டம். இடிந்த வீடு, உப்பேறிய வயல், கடலுக்குள் போன கபர்ஸ்தான். இதை மாநாட்டில் ‘இழப்பும் சேதமும்’ என்ற பெயரால் குறிக்கிறார்கள். முதல் இரண்டையும் பணக்கார நாடுகள் பேசத் தயாராக இருந்தன. மூன்றாவதைப் பேச மட்டும் முப்பது ஆண்டு மறுத்தன. காரணம் எளிது. நஷ்டம் என்று ஒத்துக்கொண்டால், அடுத்த கேள்வி ‘யாரால்?’ என்பதுதான்.

முப்பது ஆண்டு நடை

1991இல், உடன்படிக்கை எழுதப்படுவதற்கு முன்பே, பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டு என்ற சிறு தீவு நாடு மற்றத் தீவுகளின் சார்பில் ஒரு யோசனை வைத்தது. கடல் மட்டம் உயர்ந்து நிலம் போனால் ஈடு கொடுக்க, பணக்கார நாடுகள் பணம் போட்டு ஒரு காப்பீட்டு நிதி வைக்க வேண்டும் என்றது. யாரும் காது கொடுக்கவில்லை.

2009இல் மாலத்தீவின் அமைச்சரவை கடலுக்கு அடியில் முக்குளிப்பு உடையோடு உட்கார்ந்து கூட்டம் நடத்தியது. உலகமே படம் எடுத்துப் போட்டது. சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அந்த முஸ்லிம் நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதே வாரம் போலந்தின் வார்சாவில் மாநாடு தொடங்கியது. பிலிப்பைன்ஸ் குழுவின் தலைவர் யெப் சான்யோ கண்ணீரோடு எழுந்து, ஒரு நல்ல முடிவு தெரியும்வரை உணவைத் தொடமாட்டேன் என்று அறிவித்தார். அந்த மாநாட்டில்தான் ‘இழப்பும் சேதமும்’ பற்றி ஆராய ஓர் அமைப்பு முதன்முதலாக ஏற்பட்டது. அமைப்பு வந்தது, பணம் வரவில்லை.

2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தில் இதற்கென்று தனி ஷரத்தே சேர்ந்தது. ஆனால் ஒப்பந்தத்தோடு நிறைவேற்றிய தீர்மானத்தில் ஒரு வரி போட்டு அதன் பல்லைப் பிடுங்கினார்கள். இந்த ஷரத்தை வைத்து யாரும் பொறுப்புச் சுமத்தவோ இழப்பீடு கேட்கவோ முடியாது என்பது அந்த வரியின் பொருள்.

இந்த முப்பது ஆண்டும் ஒரு மனிதர் சலிக்காமல் இதைப் பேசிக்கொண்டே இருந்தார். வங்கதேசத்து விஞ்ஞானி சலீமுல் ஹக். பெர்லினில் நடந்த முதல் மாநாட்டிலிருந்து தன் ஆயுள் வரை எல்லா மாநாட்டுக்கும் போனவர். ஏழை நாடுகளின் பிரதிநிதிகளுக்குப் பாடம் நடத்தி, அவர்களை ஒரே குரலில் பேசவைத்தவர். பதவி எதுவும் இல்லாமலே அவர் சொல்லுக்கு அங்கே எடை இருந்தது.

பாகிஸ்தான் வெள்ளமும் ஷர்ம் அல் ஷேக்கும்

2022இல் பாகிஸ்தானில் வந்த வெள்ளத்தில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 3,000 கோடி டாலருக்கு மேல் என்று உலக வங்கியும் மற்றவர்களும் சேர்ந்து கணக்கிட்டார்கள். உலகம் வெளியேற்றும் வாயுவில் அந்த நாட்டின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அந்த ஆண்டு மாநாடு எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் நடந்தது. வளரும் நாடுகள் கூட்டணிக்குத் தலைமை வகிக்கும் முறை அப்போது பாகிஸ்தானுக்கு வந்திருந்தது. நிதி வேண்டும் என்று எல்லா ஏழை நாடுகளும் ஒன்றாக நின்றன. குறித்த நாள் கடந்து, இரண்டு நாள் கூடுதலாக இழுத்து, நவம்பர் 20 விடியற்காலையில் ‘இழப்பும் சேதமும்’ நிதி ஏற்படுத்தும் தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் பாகிஸ்தானுக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. நிதியில் அப்போது ஒரு டாலரும் இல்லை. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் தனியாகக் கூட்டம் போட்டு 900 கோடி டாலருக்கு மேல் வாக்களித்தார்கள். அதில் பெரும்பகுதி கடன் என்று பிறகு தெரிந்தது.

2023 நவம்பர் 30, துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே நிதி செயலுக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகமும் ஜெர்மனியும் தலா 10 கோடி டாலர் அறிவித்தன. அமெரிக்கா அறிவித்தது 1.75 கோடி டாலர். எல்லா நாடுகளும் சேர்ந்து சுமார் 70 கோடி டாலர். இதைப் பாகிஸ்தான் வெள்ளத்தின் நஷ்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்: நூறு ரூபாய் இழந்தவருக்கு இரண்டு ரூபாய் சொச்சம். உலகத்தின் எல்லா ஏழை நாடுகளுக்கும் சேர்த்து வைத்த பெட்டி அது. 2025இல் அமெரிக்கா அந்த நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்தும் விலகிக்கொண்டது.

சலீமுல் ஹக் அவர்கள் அந்த நாளைப் பார்க்கவில்லை. துபாய் மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு, 2023 அக்டோபர் 28 அன்று டாக்காவில் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய உழைப்பை ஏற்றுக்கொள்வானாக.

துபாய் மாநாடு டிசம்பர் 13 அன்று முடிந்தது. நான்கு நாள் கழித்து நம் தென்கோடியில் மழை தொடங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஓராண்டு மழையைவிட அதிகம். ஒரு மழையை மட்டும் காட்டி ‘இது முழுக்கக் காலநிலை மாற்றத்தால் வந்தது’ என்று சொல்வது சரியல்ல. ஆனால் காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது நிரூபணமான விஷயம். தாங்கியது ஒரு நாள் இறங்கத்தான் செய்யும். ஆகவே, துபாயில் பேசிய பேச்சு எங்கோ ஒரு தீவைப் பற்றியது மட்டும் அல்ல.

மார்க்கம் எப்படிப் பார்க்கும்?

நம் பைத்துல்மாலில் ஜகாத்துக்கு ஒரு கணக்கு, சதகாவுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக எழுதுகிறோம். இரண்டையும் கலக்க நமக்கு அனுமதி இல்லை. சதகா கொடுப்பவரின் விருப்பம். ஜகாத் வாங்குபவரின் ஹக். அதைக் கொடுத்தவர் வள்ளல் ஆகிவிட மாட்டார். தன் மீதிருந்ததை நிறைவேற்றியவர் ஆவார். இரவல் வாங்கிய அண்டாவைத் திருப்பிக் கொடுக்கிறவருக்கு யாரும் சால்வை போர்த்துவதில்லை.

ஃபிக்ஹில் ‘ளமான்’ என்று ஒரு பாடம் உண்டு. பிறர் பொருளுக்குச் சேதம் விளைவித்தவர் ஈடு செய்ய வேண்டும் என்பது அது. அறியாமல் செய்திருந்தால் பாவம் இல்லை. ஆனால் ஈடு செய்யும் கடமை நீங்காது. ஒருவர் தம் பட்டறைக் கழிவு நீரைத் தம் நிலத்தில்தான் விட்டார்; அது ஊறிப் போய் அடுத்த வீட்டுக் கிணற்றைக் கெடுத்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் லாரித் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, ‘பாவம், பக்கத்து வீட்டாருக்கு உதவி செய்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டால் ஊர் ஒப்புமா?

பணக்கார நாடுகளின் வாதம் இதுதான்: எங்கள் பாட்டன்மார் நிலக்கரியை எரித்தபோது அதன் விளைவு அவர்களுக்குத் தெரியாது. இந்த வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. அதில் உண்மை உண்டு. ஆனால் இதுவரை உலகம் வெளியேற்றிய கரியமில வாயுவில் சுமார் பாதி 1990க்குப் பின் வந்தது. ஐ.நா. விஞ்ஞானிகளின் முதல் அறிக்கை வந்த ஆண்டும் 1990தான். தெரியாமல் செய்தது பாதி. தெரிந்த பின்னும் செய்தது பாதி.

2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் இதே திசையில் ஒரு கருத்துரை வழங்கியது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. அதை மீறினால் ஈடு செய்யும் பொறுப்பும் வரலாம் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் 2019இல் பசிபிக் தீவுகளின் சட்டக் கல்லூரி மாணவர்களிடம் பிறந்தது. அதை ஐ.நா. சபைக்குக் கொண்டு சென்றது வனுவாட்டு அரசு. 1991இல் யாரும் காது கொடுக்காத அதே வனுவாட்டு! கருத்துரை என்பதால் யாரையும் அது உடனே பணம் கட்ட வைக்காது. ஆனால் ‘இது தர்மம், முடிந்தால் தருவோம்’ என்று இனி எளிதாகச் சொல்லிவிட முடியாது.

நம் பக்கமும் பார்க்க வேண்டும்

நியாயம் பேசும்போது நமக்கு வேண்டியவர்களை விட்டுவிட்டுப் பேசினால் அது நியாயம் ஆகாது. நம் ஊர்ச் சபுராளிகளின் சம்பாத்தியத்தில் எத்தனையோ வீடுகள் எழும்பின, எத்தனையோ குமருகள் கரையேறினார்கள், நம் மதரஸாக் கட்டடங்களும் நிற்கின்றன. அந்தச் சம்பாத்தியத்தின் ஊற்று எண்ணெய். ஆள் கணக்கில் பார்த்தால் கத்தார், குவைத், அமீரகம், சவூதி ஆகியவை உலகிலேயே அதிகம் வெளியேற்றும் நாடுகளின் வரிசையில் இருக்கின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவைக் கைவிடுவது பற்றிய வாசகம் வரும்போதெல்லாம் சவூதி அரேபியா அதைக் கடுமையாக எதிர்த்து வந்திருக்கிறது. துபாயில் ஒருவழியாக இவற்றிலிருந்து விலகி மாற வேண்டும் என்ற சொற்கள் முதன்முதலாகத் தீர்மானத்தில் இடம்பெற்றன. 2025இல் பிரேசிலின் பெலெமில் அதற்கு வழி வகுக்கும் திட்டம் எழுத முயன்றபோது, எண்ணெய் நாடுகள் எதிர்த்ததால் அது தீர்மானத்தில் சேரவில்லை.

பாகிஸ்தானும் வங்கதேசமும் மாலத்தீவும் முஸ்லிம் நாடுகள். எண்ணெய் நாடுகளும் முஸ்லிம் நாடுகள். ஆகவே இது கிழக்கு மேற்குச் சண்டையோ, முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவிலான சண்டையோ அல்ல. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள் வெளியிட்ட காலநிலைப் பிரகடனம், செல்வ நாடுகளையும் எண்ணெய் உற்பத்தி நாடுகளையும் பெயர் சொல்லியே பொறுப்பேற்க அழைத்தது.

கப்பலின் கீழ்த் தட்டில் இருந்தவர்கள் தண்ணீருக்காக ஓட்டை போடப் பார்த்ததையும், மேல் தட்டில் இருந்தவர்கள் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் உவமையாகச் சொன்னதை நாம் பயானில் கேட்டிருக்கிறோம். இன்று ஓட்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் மேல் தட்டில் இருக்கிறார்கள். தண்ணீர் முதலில் ஏறுவது கீழ்த் தட்டில். கப்பல் ஒன்றுதான் என்பது மட்டும் மாறவில்லை.

இந்த மாநாடுகளால் பயன் உண்டா?

உண்டு, போதாது. பாரிஸுக்கு முன் உலகம் போன வேகத்தில், இந்த நூற்றாண்டின் முடிவில் வெப்பம் ஏறத்தாழ 4 பாகை உயரும் என்று கணக்கிட்டார்கள். இன்று நடைமுறையில் உள்ள திட்டங்களை வைத்து ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2025இல் போட்ட கணக்கு 2.8 பாகை. 4க்கும் 2.8க்கும் உள்ள இடைவெளி பல கோடிப் பேரின் வாழ்வு. 2.8க்கும் 1.5க்கும் உள்ள இடைவெளியும் அப்படித்தான்.

உலகம் ஒன்று சேர்ந்தால் முடியும் என்பதற்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் பயன்பட்ட ஒருவகை வாயு, வானில் உள்ள ஓசோன் படலத்தைக் கெடுத்தது. 1987இல் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் போட்டார்கள். எல்லா நாடுகளும் சேர்ந்தன. மாற்று வாயு கண்டுபிடித்தார்கள். ஏழை நாடுகள் மாறுவதற்கான செலவைப் பணக்கார நாடுகள் ஒரு நிதி வைத்துக் கொடுத்தன. ஓசோனைக் கெடுத்த பொருள்களில் 98 சதவீதத்துக்கு மேல் இன்று ஒழிந்துவிட்டன. படலம் மெல்ல ஆறி வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் அதைவிடப் பெரிய காரியம்தான். ஆனால் அங்கே காரியம் நடந்த முறையைக் கவனியுங்கள்: மாற்று வழி இருந்தது, செலவை யார் தருவது என்பதும் முடிவானது.

இப்போது மாற்று வழி இருக்கிறது. சூரிய மின்சாரம் மலிந்துவிட்டது. செலவு யாருடையது என்பதுதான் தீரவில்லை. 2024இல் அஜர்பைஜானின் பாகூவில் ஏழை நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர். பணக்கார நாடுகள் முன்னின்று 2035க்குள் திரட்டித் தருவோம் என்றது 30,000 கோடி. அதை இந்தியப் பிரதிநிதி அங்கேயே எழுந்து ஆட்சேபித்தார். ‘இழப்பும் சேதமும்’ நிதி 2025இல்தான் 25 கோடி டாலர் ஒதுக்கி, நாடுகளிடமிருந்து முதல் விண்ணப்பங்களைக் கேட்டது.

நம்மால் ஆவது

வீட்டில் விளக்கை அணைத்தால் உலகம் குளிர்ந்துவிடும் என்று இந்த இதழ் சொல்லாது. ஒளூ செய்யும்போது குழாயை அடக்கித் திறப்பதும், வலீமாவில் சோற்றைக் கொட்டாமல் இருப்பதும் இஸ்ராஃபைத் தவிர்க்கும் நம் மார்க்கக் கடமைகள். அவற்றை அதற்காகவே செய்வோம். உலகக் கணக்கு அதனால் மட்டும் நேராகாது.

நம் கையில் உள்ள காரியங்கள் வேறு சில. ஒன்று, பதிவு. வெள்ளமோ புயலோ வந்தால் நிவாரணம் ஆவணம் வழியாகத்தான் வருகிறது. 2023 வெள்ளத்தில் அரசு உதவித்தொகை ரேஷன் அட்டை வைத்துத்தான் கொடுக்கப்பட்டது. ரேஷன் அட்டை, பட்டா, ஆதார், படகுப் பதிவு இவற்றின் நகலை ஈரம் படாத உறையிலும், வெளியூரில் உள்ள ஓர் உறவினரிடமும் வையுங்கள். சேதமானால் முதலில் படம் எடுத்துத் தேதியுடன் எழுதி வையுங்கள். உலக அளவிலும் இதே கதைதான்: நஷ்டத்தை எழுதி வைக்காத நாட்டுக்கு நிதியில் பங்கு கேட்பது கடினம்.

இரண்டு, நம் பிள்ளைகளின் படிப்பு. சலீமுல் ஹக்கைப் போலக் கணக்கும் சட்டமும் தெரிந்து, எட்டுத் திசை மக்களோடு பொறுமையாகப் பேசத் தெரிந்தவர்கள் நம்மிலிருந்தும் வர வேண்டும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் சுற்றுச்சூழல், நீரியல், சர்வதேசச் சட்டம் போன்ற படிப்புகளையும் யோசிக்கலாம்.

மூன்று, சொல். நாளை எங்கோ வெள்ளம் வந்து நாம் ஜும்ஆவில் வசூல் செய்வோம், இன்ஷா அல்லாஹ். அது நம் சதகா, அதற்கு நன்மை உண்டு. ஆனால் வாங்குகிற கையைத் தாழ்ந்த கை என்று அந்த நேரம் எண்ணிவிடக் கூடாது. அவர்களில் பலர் ஏழைகளாக இருப்பதனால் அங்கே நிற்கவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதைத் தர வேண்டியவர்கள் இன்னும் தராததனால் நிற்கிறார்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்